மண் குடிக்காத முதல் தண்ணீர்

பொய் சொன்னது நீங்கள்தான், சார். அவள் இல்லை.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவீர்கள், அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் வேண்டாம். அவள் பெயரையும் எழுத மாட்டேன். அது ஏற்கெனவே போதுமான அளவுக்கு அடிபட்டுவிட்டது. 2004, 2005 வாக்கில் மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்குப் போன எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் 'யூனிட் அக்கா' என்றால் தெரியும். அது போதும்.

அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு வார்த்தை புரியாமல் கிடந்தால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. தனக்குப் புரியாவிட்டாலும் சரி, எதிரில் இருப்பவருக்குப் புரியாவிட்டாலும் சரி, ரவிக்கைக்குள் எறும்பு போனவள் மாதிரி நெளிவாள். விளக்கிச் சொல்லி முடித்ததும் விட்டுவிடவும் மாட்டாள். "திருப்பிச் சொல்லு" என்பாள். நாம் நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தாள். எக்கியார்குப்பத்து ஆள் ஒருவர் வலை வாங்கும் விஷயமாகச் சென்னைக்குப் பேசிவிட்டு, பில்லைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாம்மா இது? ரெண்டு வார்த்தை பேசினதுக்கு இவ்ளோ போட்டிருக்குது? மிஷினுக்குள்ள கையை வுட்டுத் திருப்புறியா?"

அவளுக்குக் கோபமே வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, டீக்கடையில பாதி டீ குடிச்சிட்டு டம்ளரை வெச்சிட்டா பாதிக் காசா வாங்குறான்?"

"இல்ல."

"இதுவும் அப்படித்தான். ஒரு பல்ஸு ஒரு டம்ளரு. உள்ள பேச்சு பாதி இருந்தாலும் முழு டம்ளர் காசு. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர் கத்தினார்: "ஏம்பா, போன் பேச வந்தோமா, பள்ளிக்கூடத்துக்கு வந்தோமா?" அவள் அசையவில்லை. அந்த ஆள் திருப்பிச் சொன்னார், காசைக் கொடுத்தார், போகும்போது சிரித்துக்கொண்டே போனார். நான் என் தம்பியிடம் பேசக் காத்திருந்தேன். நான் அவளுக்கு அடுத்த தெரு. என் பெயர் செல்வி. அப்போது உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கையில் செல்போன் வந்ததும் பூத்துக்கு ஆள் குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் பாண்டிச்சேரியில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தீர்கள். அவளும் போனாள். பிஸ்கட்டும் ஒரு பேனாவும் கொடுத்தீர்களாம். அவள் எங்களுக்குக் கொண்டுவந்தது வார்த்தைகள்தான். பை நிறைய வார்த்தைகள். பிரீமியம், யூனிட், ரிஸ்க், ரிட்டர்ன், லிக்விடிட்டி. ஏதாவது ஒன்று ராத்திரி தூங்கவிடாமல் குடைந்திருக்க வேண்டும், காலையில் கஞ்சி வேளையில் உப்பளத்து வரப்புக்கு வந்துவிடுவாள். எங்களை வைத்துத்தான் பழகிக்கொண்டாள்.

எங்களில் மூத்தவள் குப்பம்மாள். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் படிக்கத் தெரியாது. ஆனால் வாய் நீளம்.

"ரிஸ்க்குன்னா இன்னான்னு தெரியுமா யக்கா?"

"ஆபத்துன்னு டிவியில சொல்றான்."

"இல்ல. மழை வந்து உப்பைக் கரைச்சிட்டா அது நஷ்டம். மழை வருமா வராதான்னு தெரியாம, இன்னும் ரெண்டு நாள் வெளையட்டும்னு உப்பைப் பாத்தியிலயே வுட்டு வெக்கிறோம் பாரு, அது ரிஸ்க்கு. வுட்டு வெச்சா உப்பு கூடவும் கெடைக்கும், மொத்தமும் போகவும் போகும்."

"அதைத்தாண்டி நம்ம முதலாளி வருஷா வருஷம் செய்றான், திட்டு நாம வாங்குறோம்."

லிக்விடிட்டிக்கு அவள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "பாத்தியில ஈரமா கெடக்கிறதும் உப்புதான், ரோட்டோரம் அம்பாரமா கெடக்கிறதும் உப்புதான். லாரிக்காரன் இப்ப வந்து காசை நீட்டுனா எதைத் தூக்கிக் குடுப்பே?"

"ரோட்டோரத்து உப்பை."

"அதான் லிக்விடிட்டி. கேட்ட நேரத்துல காசாவணும்."

குப்பம்மாள் கஞ்சியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எம் பொண்ணு பொஸ்தவத்துல லிக்விடுன்னா தண்ணின்னு படிச்சா. நீ காஞ்சி கெடக்கிறதைக் காட்டி லிக்விடுன்ற. உன்னை நம்பி காசு வேற குடுக்கணுமா?"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை, குப்பம்மாள் திருப்பிச் சொன்ன பிறகுதான் சைக்கிளை எடுத்தாள்.

பணவீக்கம் என்ற வார்த்தையை நான் அதற்கு முன்னால் ரேடியோ செய்தியில் கேட்டிருக்கிறேன், காதைத் தாண்டி உள்ளே போனதில்லை. அவள் அம்பாரத்தைக் காட்டினாள். "பனிக்காலத்துல மூடாம வுட்டா இது கரையிறது கண்ணுக்குத் தெரியுதா? தெரியாது. ஆனா மூட்டை புடிக்கும்போது கொறையும். உங்க குழுக் காசு பேங்குல அப்படித்தான் கெடக்குது. நோட்டு அதே நோட்டுதான், அரிசி கொறைச்சலா வரும்." கூட்டு வட்டிக்கு, வெறும் களிமண்ணில் விளைவதைவிட, அடியில் கொஞ்சம் உப்பு விட்டு வைத்த பாத்தியில் உப்பு சீக்கிரம் பூப்பதைச் சொன்னாள். யூனிட்டுக்கு மூட்டையைச் சொன்னாள்: மூட்டை எத்தனை என்பது உன்னுடையது, மூட்டை என்ன விலை என்பது சந்தையுடையது. அதை அவள் அடிக்கடி சொன்னதால்தான் 'யூனிட் அக்கா' என்ற பெயர் வந்தது.

நான் இப்போது பல பேரைக் கேட்டிருக்கிறேன். டிவியில் கோட்டு போட்டவர்கள், பேங்கில் உட்கார்ந்திருப்பவர்கள். அவளைப் போலப் புரியவைத்தவர் ஒருவரும் இல்லை. அதுதான் எங்கள் தலையில் இடியாக விழுந்தது. புரியாத விஷயத்துக்கு நாங்கள் பயப்படுவோம். பயந்தால் காசை வெளியே எடுக்க மாட்டோம். அவள் எங்கள் பயத்தை எடுத்துவிட்டாள்.

எங்கள் மகளிர் குழுவில் பத்துப் பெண்கள். எல்லாரும் உப்பளத்துக் கூலி. கால்வாய் ஓரத்தில் ஒரு வயதான அளத்துக்காரர் இருந்தார். பிள்ளைகள் சென்னையில், ஒருவனும் உப்புப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் அளத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தார். அதை நாங்கள் எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். கனவு என்று சொல்ல எனக்குப் பிடிக்காது. நாங்கள் கணக்குப் போட்டு வைத்த திட்டம் அது. வாருவதும் நாங்கள், சுமப்பதும் நாங்கள், மூட்டை பிடிப்பதும் நாங்கள். ஒரு சீசனாவது விற்பதும் நாங்களாக இருக்க வேண்டும். ஆட்டை விற்றோம், சீட்டுப் பிடித்தோம், முன்பணம் சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் சுனாமி வந்தது. அளத்தில் எல்லாம் சேறு. பெரியவர் கையை விரித்தார். "இந்த வருஷம் சேறு அள்ளவே சரியா இருக்கும்மா. அடுத்த தை வாங்க. முன்பணத்தோட வாங்க. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா தை தாண்டினா என்னால காத்திருக்க முடியாது, எனக்கும் வைத்தியச் செலவு இருக்குது."

ஒரு வருஷம் அந்தப் பணத்தை எங்கே வைப்பது? இதுதான் கேள்வி. கடல் வந்து போன மாசம். ஒவ்வொருத்தி வீட்டிலும் சாவு பயம். உயிருக்குக் காப்பீடு, பணமும் வளரும், ஒரு வருஷம் கழித்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அவள் சொன்னாள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். நீங்களே ஒருநாள் வந்தீர்கள். டை கட்டியிருந்தீர்கள். வரப்பில் சேறு என்று காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "மேடம் சொல்றது எல்லாம் கரெக்ட். நம்பி பண்ணுங்க" என்றீர்கள். நாங்கள் பத்துப் பேரும் காரைச் சுற்றி நின்று கேட்டோம்.

அன்று சாயங்காலம் குப்பம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் குடுக்கிற காசு அப்படியே முழுசா யூனிட்டாவுதா?"

யூனிட் அக்கா "தெரியலையே யக்கா" என்றாள். பூத்துக்கு ஓடி உங்களுக்குப் போன் போட்டாள். திரும்பி வந்தபோது நெளிந்துகொண்டிருந்தாள்.

"முதல் வருஷம் ஒரு கட்டணம் புடிப்பாங்களாம். அடுத்த வருஷத்துலேர்ந்து ரொம்பக் கொறைச்சலாம். ஆரம்பச் செலவு, எல்லாருக்கும் உள்ளதுதான்னு சார் சொல்றாரு."

"இன்னா செலவு?"

"அதான்... ஆரம்பச் செலவு."

நான் எழுந்து போயிருப்பேன். இன்னும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அவள் தரையைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். எங்கள் கண்ணெதிரில் அவளுக்கு அது தோன்றியது.

"யக்கா, புதுப் பாத்தி முதல் தண்ணியைக் குடிக்குது இல்ல?"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

உப்பளம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீசன் தொடங்கும்போது பாத்தியில் இறங்கி மண்ணை மிதிக்க வேண்டும். வரிசையாக நின்று, குதிகாலால், நாள் கணக்கில். மண் இறுகி வழவழவென்று ஆகும் வரை. பிறகு தண்ணீர் விட வேண்டும். முதலில் விடும் தண்ணீர் காலையில் போய்ப் பார்த்தால் இருக்காது. மண் குடித்திருக்கும். எங்கே தண்ணீர் என்று யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்போம். அது வீணாகவில்லை. அது குடித்தால்தான் பாத்தி உறுதியாகும், அடுத்து விடும் தண்ணீர் நிற்கும், உப்பில் சேறு கலக்காது. முதல் தண்ணீரைக் குடிக்காத பாத்தியைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

இதை வேறு ஊரில் சொல்லியிருந்தால் ஒரு மளிகைக் கடைக்காரர் எழுந்து "யார் பாக்கெட்டுக்குப் போவுது?" என்று கேட்டிருப்பார். எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தண்ணீர் காணாமல் போனால் நாங்கள் மண்ணைத்தான் நினைப்போம், மனிதனை நினைக்க மாட்டோம். அதுவரை எங்கள் தண்ணீரை எந்த மனிதனும் குடித்ததில்லை.

"திருப்பிச் சொல்லுங்க" என்றாள். ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். குப்பம்மாள் கடைசியாகச் சொன்னாள்: "முதல் தண்ணி மண்ணுக்கு. ரெண்டாம் தண்ணியிலேர்ந்து உப்பு நமக்கு." சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

இதை அவள் உங்களிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அடுத்த கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னீர்கள். சோறு சூடாக வைக்கும் டப்பா ஒன்று பரிசு கொடுத்தீர்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கடி. சார் சொல்றாரு, இவ்ளோ வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு விளக்கம் கேட்டதே இல்லையாம்."

பிறகு கீழ்புத்துப்பட்டிலிருந்து என் நாத்தனார் வந்தாள். டை கட்டிய ஒருத்தன் வந்து காப்பீடு பற்றிப் பேசினான் என்றாள். "புதுப் பாத்தி தண்ணி குடிக்கிற மாதிரின்னு சொன்னான் அண்ணி. இன்னா அழகா சொன்னான் தெரியுமா!" அவன் வாழ்நாளில் பாத்தியில் கால் வைத்திருக்க மாட்டான். அவள் எங்களுக்காகத் தேடி எடுத்த வார்த்தையை நீங்கள் கரையோரம் முழுக்கக் கூவி விற்றீர்கள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். உண்டு. கமிஷன் வாங்கினாள். பழைய மொபெட் ஒன்று வாங்கினாள், கைப்பை வாங்கினாள். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்கியார்குப்பத்தில் ஒருத்தியின் புருஷன் திடீரென்று செத்துப்போனான். இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து சரியில்லை என்று உங்கள் ஆபீஸ் காகிதத்தைத் திருப்பி அனுப்பியது. யூனிட் அக்கா அந்தப் பெண்ணை மொபெட்டில் உட்காரவைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கும் பாண்டிச்சேரிக்கும் மாறி மாறி அலைந்தாள். செக் வந்தபோது அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. அழுதுகொண்டிருந்தவளை உட்காரவைத்து, இது தர்மம் இல்லை, உன் புருஷன் கட்டியதற்கு வந்த உரிமை என்று விளக்கி, அதையும் திருப்பிச் சொல்லவைத்தாள். "ஏம்மா, அழறவளைப் போயி" என்று அக்கம்பக்கத்தில் ஏசினார்கள். அவளுக்குக் காது கேட்கவில்லை. அப்படிப்பட்டவள்.

அந்த வருஷம் முழுக்க உழைத்தோம். இடையில் தபாலில் ஒரு காகிதம் வந்தது. யூனிட் எண்ணிக்கை குறைவாகத்தான் இருந்தது. யூனிட் அக்கா கேட்பதற்கு முன்னால் குப்பம்மாளே மற்றவர்களுக்கு விளக்கினாள்: "மண்ணு இன்னும் குடிச்சிட்டுதான் இருக்குது. பதறாதீங்கடி."

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. மழைக்காலத்தில் எங்களுக்குக் கூலி கிடையாது. இருந்தும் ஒருத்தியும் பணத்தைக் கேட்கவில்லை. தை பிறந்தது. பெரியவர் ஆள் அனுப்பினார். "வர்றீங்களா, இல்லையா? பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தன் கேட்கிறான்."

பத்துப் பேரும் யூனிட் அக்காவும் பஸ் ஏறினோம். பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனோம். உங்கள் ஆபீஸில் ஏ.சி. குளிர், குப்பம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, இப்போது எடுத்தால் இவ்வளவு வரும் என்று ஒரு தொகையைச் சொன்னாள். நாங்கள் கட்டியதில் பாதிகூட இல்லை.

"ஒரு ஆளோடதைச் சொல்றியாம்மா?" என்று குப்பம்மாள் கேட்டாள்.

"பத்துப் பேரோடதும் சேர்த்துதாங்க."

எடுக்காமல் விட்டால் இரண்டாம் வருஷப் பிரீமியம் உடனே கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பாலிசி போய்விடும் என்றும் அந்தப் பெண்ணே சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. திரையில் இருந்ததைப் படித்தாள்.

யூனிட் அக்கா உங்கள் கண்ணாடி அறைக்குள் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். நீங்கள் உட்காரச் சொல்லவில்லை.

"சார், பாதிக்கு மேல கொறையுதே. எடுக்கும்போதும் புடிக்கிறாங்களே. நீங்க கட்டணம்னுதானே சொன்னீங்க? அவ்ளோ காசும் எங்க சார் போச்சு?"

நீங்கள் சிரித்தீர்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். தெரிந்த விஷயத்தைக் கேட்கும் ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"என்னம்மா, தெரியாத மாதிரி கேட்கறீங்க? அதுல பெரிய பங்கு உங்களுக்குத்தானே வந்துச்சு?"

"எனக்கா?"

"உங்க கமிஷன் வேற எங்கேர்ந்து வரும்னு நெனச்சீங்க?"

"கம்பெனி குடுக்குதுன்னு..."

"கம்பெனிக்கு யாரும்மா குடுக்கிறா? இதெல்லாம் அந்தப் புக்லெட்ல பின்னாடி போட்டிருக்குதே."

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் மேஸ்திரிக்கு முதலாளி தன் பையிலிருந்து கூலி கொடுப்பார். எங்கள் கூலியில் பிடித்து மேஸ்திரிக்குக் கொடுக்க மாட்டார். அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவளுக்குப் புரியாமல் கிடந்த ஒரே வார்த்தை அவள் வாங்கிக்கொண்டிருந்த 'கமிஷன்'. அது இப்போது புரிந்தது. எப்போதும் புரிந்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று சொன்னேனே, அன்று அப்படி எதுவும் வரவில்லை.

வந்ததை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ் கூனிமேடு தாண்டும்போது குப்பம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் கேட்டேன்டி. சரியான கேள்வியைத்தான் கேட்டேன்." அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியாது.

யூனிட் அக்கா மொபெட்டை விற்றாள். வந்த பணத்தைக் குப்பம்மாள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் கம்மலையும் வைத்தாள். எல்லாம் சேர்த்தும் முன்பணத்துக்குப் பற்றவில்லை. நாங்கள் பெரியவரிடம் போய் நின்றோம், ஒரு மாசம் தவணை கேட்டோம். அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நான் இன்னாம்மா பண்ணட்டும்?" என்றார். அவரை என்ன சொல்ல முடியும்? அளம் பாண்டிச்சேரிக்காரனுக்குப் போனது.

அந்தத் தை மாதம் அதே பாத்தியில் மண் மிதிக்கக் கூலிக்குப் போனோம். வேறு எங்கே போவது? எங்களுடையதாக இருக்க வேண்டிய மண்ணை இன்னொருத்தனுக்காக மிதித்தோம். மூன்றாம் நாள் யூனிட் அக்காவும் வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். கைப்பை இல்லை. செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். யாரும் அவளிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தாள். அவள் கையால் பாலிசி எடுத்தவர்கள் எங்கள் தெருவில் மட்டும் இல்லை, எக்கியார்குப்பத்தில், வழியெல்லாம் இருந்தார்கள். நடந்து போனாள். வாசலில் நின்று, "நான் சொன்னது தப்பு" என்று தொடங்குவாள். சிலர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தி பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினாள். என் வீட்டுக்கும் வந்தாள்.

"செல்வி, நான் சொன்னது தப்பு. முதல் வருஷக் காசு மண்ணுக்குப் போகலை. ஆளுங்களுக்குப் போச்சு. எனக்கும் வந்துச்சு. திருப்பிச் சொல்லு."

"சொன்னா காசு வருமா?" என்று கத்தினேன்.

"வராது."

"அப்புறம் எதுக்குடி சொல்லணும்? நீ நிம்மதியா தூங்கறதுக்கா?"

அவள் போகவில்லை. நெளிந்துகொண்டு நின்றாள். நான் திருப்பிச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் வீடு வீடாகச் சொன்னது உங்கள் காதுக்கு வந்துவிட்டது. வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் உங்கள் ஆபீஸுக்கு வரத் தொடங்கினார்கள். அதற்கு நீங்கள் செய்தது இதுதான்: அவள் போட்டோவைப் போட்டு ஒரு நோட்டீஸ் அடித்தீர்கள். 'இவர் வாடிக்கையாளர்களிடம் தவறான தகவல்களைக் கூறியதால் நீக்கப்பட்டுவிட்டார். இவர் கூறியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' அதைப் பஸ் ஸ்டாண்டில், அவள் முன்பு உட்கார்ந்திருந்த பூத்தின் சுவரிலேயே ஒட்டினார்கள். அவள் அதன் முன்னால் நின்று படித்ததை நான் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள், மறுபடியும் படித்தாள். வெற்றிலை பாக்குக் கடைக்காரர், "கிழிச்சிப் போடும்மா, யார் கேட்கப் போறா?" என்றார். அவள் கிழிக்கவில்லை. "அதுல தப்பான தகவல் சொன்னேன்னு இருக்குது. சொன்னேன்தானே?" என்றாள்.

அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாக ஒருத்தர் சொன்னார், சென்னையில் என்று இன்னொருத்தர் சொன்னார். நான் இரண்டு இடத்திலும் விசாரித்துவிட்டேன். கிடைக்கவில்லை. அவள் அம்மா இன்னும் அந்தக் கம்மல் இல்லாத காதோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போலீசுக்குப் போனோம். 'நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க' என்று எங்களைத் திருப்பிக் கேட்டார்கள். வக்கீலிடம் போனோம். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். உங்கள் கம்பெனிக்குப் புகார் எழுதி அனுப்பினோம். அந்த முகவரை ஏற்கெனவே நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். செய்து பார்த்துவிட்டோம்.

நீங்கள் இப்போது பெரிய பதவியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. பணத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. அது வராது என்று எங்களுக்குத் தெரியும். உங்களிடம் ஒரு கேள்விதான் இருக்கிறது. அதற்கு வக்கீல் மூலம் பதில் வேண்டாம், தபாலில் வேண்டாம், என் தனிக் காதில் வேண்டாம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பகலில், ஜனங்கள் இருக்கும்போது வாருங்கள். இந்த முறை காரை விட்டு இறங்குங்கள். குப்பம்மாளும் வருவாள், யூனிட் அக்காவின் அம்மாவையும் அழைத்து வருகிறேன். எல்லார் முன்னாலும் நின்று சொல்லுங்கள்:

அவள் அந்த மேடையில் முதல் தண்ணீர் மண்ணுக்கு என்று சொன்னபோது, அது உண்மை இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?